கண்ணாடி மாளிகையும் திணைமயக்கமும்

2018ஆம் ஆண்டு நீலகிரியில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்க்கும் அக்காட்சியைக் காட்டுவதற்காக முதுகலைத் தமிழ் மாணவியர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். கணபதியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, மேட்டுப்பாளையம் கடந்து, கோத்தகிரி வழியாக மலையேறினோம். செய்யுளில் மட்டுமே கேட்டிருந்த பூ ஒரு சரிவு முழுவதும் நீலமாய்ப் பரந்து கிடந்ததைக் கண்டபோது, பேருந்தில் ஓயாது பேசிக்கொண்டு வந்த பெண்கள் பேச்சற்று நின்றனர்.

திரும்பும் வழியில் இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள். மாணவி ஒருத்தி கேட்டாள்: "அம்மா, குறிஞ்சிப்பூ குறிஞ்சித் திணையின் கருப்பொருள். அப்படியானால் இந்தத் தேயிலை எந்தத் திணையின் கருப்பொருள்?"

பேருந்தில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். "தொல்காப்பியர் தேநீர் குடித்தவரில்லையே, கண்ணு" என்று சொல்லி வினாவைக் கடந்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பாட்டியின் வாழ்வையே அவள் வினாவாக்கிக் கேட்டிருக்கிறாள். ஆசிரியை ஒரு நகைச்சுவையால் அதற்கு விடையிறுத்திருக்கிறேன்.

அவ்வினாவுக்கு விடை தேடத் தொடங்கிய இடம் நீலகிரியன்று. இங்கிருந்து ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு கண்ணாடி மாளிகை. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று அன்பர்கள் கேட்டபோது, கவிஞர்கள் கூடும் இவ்வட்டத்தில் வைத்து ஆராய வேண்டிய பொருள் இதுவே எனத் தோன்றிற்று.

கியூ தோட்டத்தில் ஒரு நாள்

2019ஆம் ஆண்டை ஆய்வு விடுப்பில் இலண்டனில் கழித்தேன். பழைய தமிழ் அச்சு நூல்களைப் பார்ப்பதே பணி. நூலகத்துக்குச் செல்ல வேண்டாத ஒரு சனவரி நாளில், சுரங்கத் தொடர்வண்டி ஏறி நகரின் மேற்கே தேம்சு ஆற்றங்கரையில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்திற்குச் சென்றேன். மரங்கள் இலையற்று நின்றன. புல்வெளியில் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருந்தது. அந்த வெண்மைக்கு நடுவே, கவிழ்த்து வைத்த பெருங்கப்பல் போல் நின்றது பனை மாளிகை.

கதவைத் திறந்து உள்ளே அடியெடுத்து வைத்ததும் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. பார்வை மறைந்த அந்த நொடியில் மணம் முந்திக்கொண்டது. மழைக்குப் பிந்தைய ஈரமண்ணின் மணம், அழுகும் இலையின் மணம், ஆழியாற்றங்கரைத் தோப்புகளின் மணம். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு பார்த்தால் வாழை, பலா, தென்னை, மிளகுக்கொடி! அவற்றுக்கு அருகில் தென்னமெரிக்காவின் இரப்பர், கோக்கோ, ஆப்பிரிக்காவின் ஈந்தினங்கள். மூன்று கண்டங்களின் வெப்பநிலத் தாவரங்கள் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அகத்திணையியல். திணைகள் தம்முள் மயங்கி வருவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. ஆயினும் நிலத்தோடு நிலம் மயங்குவதில்லை என்று வரையறுக்கிறார். குறிஞ்சி ஒழுக்கம் மருதத்தில் நிகழலாம். ஆனால் மலையும் வயலும் ஓரிடத்தே நிற்க இயலாது. நான் நின்ற இடமோ நிலமும் நிலமும் மயங்கிய இடம். தொல்காப்பியர் இயலாதென்றதை இரும்பும் கண்ணாடியும் நிலக்கரியும் இயற்றி வைத்திருந்தன.

அம்மாளிகையின் ஒரு மூலையில், தாங்கு கம்பிகளின் துணையோடு சாய்ந்து நிற்கும் ஓர் ஈந்தினத் தாவரத்தைக் கண்டேன். பிரான்சிசு மேசன் என்னும் கியூ தோட்டக்காரர் தென்னாப்பிரிக்காவில் சேகரித்து அனுப்ப, 1775இல் இங்கு வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில் ஐதரலி மைசூரை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அன்றுமுதல் தொட்டியிலேயே வாழ்கிறது. உலகில் தொட்டியில் வளரும் செடிகளுள் மிக மூத்தவற்றுள் ஒன்றாக இதனைக் கருதுவர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இங்கிருந்தும் 1819இல் ஒரே ஒருமுறைதான் கூம்பு விட்டதாம். வாழ்தல் வேறு, வேர்கொள்ளுதல் வேறு என்று அது சொல்லாமல் சொல்லுவது போலிருந்தது.

இரும்பும் கண்ணாடியும்

இம்மாளிகைகளின் தோற்றத்திற்குப் பூக்களின்மேல் கொண்ட காதல் மட்டுமே காரணமன்று. இங்கிலாந்தில் 1746 முதல் கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி விதிக்கப்பட்டிருந்தது. அவ்வரி 1845இல் நீக்கப்பட்டது. இரும்பாலைகளும் அப்போது பெருகியிருந்தன. அதற்கு முன்பே, பெருநிலக்கிழார் ஒருவரின் சாட்சுவொர்த்துத் தோட்டத்தில் தோட்டக்காரராயிருந்த யோசேப்பு பாக்சுடன் 1836க்கும் 1841க்கும் இடையில் பெரியதொரு கண்ணாடி மாளிகை எழுப்பியிருந்தார். அவரே 1851இல் இலண்டன் உலகப் பொருட்காட்சிக்குப் 'பளிங்கு மாளிகை'யை வடிவமைத்தார். சாட்சுவொர்த்து மாளிகை 1920இல் இடிக்கப்பட்டது. பளிங்கு மாளிகை 1936இல் எரிந்து சாம்பலாயிற்று. கியூவின் பனை மாளிகை மட்டும் நிலைத்து நிற்கிறது.

1844இல் தொடங்கி 1848இல் முடிந்த இம்மாளிகையின் வடிவமைப்பில் இருவர் பெயர் சொல்லப்படும். ஒருவர் டெசிமசு பர்ட்டன் என்னும் கட்டடக் கலைஞர். மற்றவர் டப்ளின் நகர இரும்பு வினைஞர் ரிச்சர்டு டர்னர். 363 அடி நீளம், ஏறத்தாழ 16,000 கண்ணாடித் தகடுகள். இவ்வளவு அகலத்தை நடுவே தூண்கள் அடைக்காமல் மூடுவது எவ்வாறு? கப்பல் தளங்களைத் தாங்குவதற்காக அப்போது புதிதாய் வந்த தேனிரும்பு உத்தரத்தை வளைத்து விலாவெலும்பாக்கினார் டர்னர். கவிழ்ந்த கப்பல் போன்ற தோற்றம் வெறும் உவமையன்று. அது கப்பலின் எலும்பேதான். வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் சூழ்ந்த கணபதியில் வாழ்கிறவளாதலால், அந்த விலாவெலும்புகளை அண்ணாந்து பார்த்தபோது பூக்களைவிட அவற்றைச் செய்த கைகளையே நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாளிகையின் அடியில் கொதிகலன்கள் இருந்தன. அவற்றுக்கு வேண்டிய நிலக்கரி சுரங்கவழியில் சிறு தண்டவாளத்தின்மீது வந்தது. புகை அதே சுரங்கத்தினூடே சென்று தொலைவிலுள்ள கோபுரமொன்றின் வழியாக வெளியேறியது. உள்ளே உலவும் கனவானும் சீமாட்டியும் கரியையும் காணமாட்டார், புகையையும் காணமாட்டார், கரி தள்ளுகிறவனையும் காணமாட்டார். பசுமையை மட்டுமே காண்பர். கண்ணாடியின் வழியே எல்லாம் தெரியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இம்மாளிகையின் கண்ணாடியோ காட்டியதை விட மறைத்ததே மிகுதி.

நண்பகலில் அடுத்திருந்த மிதவெப்ப மாளிகைக்குச் சென்றேன். அதுவும் பர்ட்டனின் வடிவமைப்பே. 1860இல் பணி தொடங்கி, பணமுடையால் பலமுறை நின்று, 1899இல்தான் நிறைவுற்றது. எஞ்சியுள்ள விக்டோரியா காலக் கண்ணாடி மாளிகைகளுள் இதுவே மிகப் பெரியது. ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்குப் பின் 2018இல் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. அங்கும் ஓர் ஈந்தினம் என்னை நிறுத்திற்று. 1895இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காடொன்றில் ஒரே ஒரு தாவரமாகக் கண்டெடுக்கப்பட்டது, அது ஆண். பெண் தாவரம் இன்றுவரை கிடைக்கவில்லை. உலகத் தோட்டங்களில் இன்று உள்ளவை அனைத்தும் அந்த ஒன்றின் கன்றுகளே.

நேட்டால் என்ற பெயரைப் பலகையில் படித்ததும் வேறொன்று நெஞ்சில் தைத்தது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிச் சென்று கரும்பு வெட்டிய நாடன்றோ அது! செடியின் பிறந்த இடம், கண்டெடுத்தவர் பெயர், கண்டெடுத்த ஆண்டு ஆகிய எல்லாம் பலகையிலும் ஏட்டிலும் உண்டு. அதே கடலைக் கடந்த மனிதர்களுக்கு அவ்வளவு பெரிய பலகை எங்கும் இல்லை.

பூட்டிய பெட்டி

கண்ணாடி மாளிகைக்குக் கப்பலின் எலும்பு அமைந்தது போலவே, கப்பலுக்குள்ளும் ஒரு சிறு கண்ணாடி மாளிகை அமைந்தது. இலண்டன் கீழைப்பகுதியில் மருத்துவராயிருந்த நத்தானியேல் வார்டு, 1829இல் மூடிய புட்டி ஒன்றில் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு இட்டு வைத்திருந்தார். நாள்கள் சென்றபின் அம்மண்ணில் சிறு பெரணியும் புல்லும் முளைத்திருக்கக் கண்டார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. இரவில் குளிர்ந்து நீராகி மண்ணுக்கே திரும்புகிறது. ஆதலால் நீர் ஊற்றாமலேயே செடி உயிர்வாழும். இவ்வுண்மையைக்கொண்டு அவர் செய்த பெட்டி 'வார்டு பெட்டி' எனப்பட்டது. 1833இல் செடிகள் நிறைந்த அத்தகைய பெட்டிகள் ஆசுதிரேலியாவிற்குக் கப்பலில் அனுப்பப்பட்டன. செடிகள் உயிரோடு சென்று சேர்ந்தன. அதுவரை உப்புக்காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் மடிந்துகொண்டிருந்த செடிகள், இனிக் கடல்களைக் கடக்கலாயின.

நீலகிரியின் வரலாறு இப்பெட்டிக்குள்ளிருந்து ஒருமுறை மாற்றி எழுதப்பட்டது. 1868இல் தனி நிருவாகமாகப் பிரியும்வரை அம்மலை பெரும்பாலும் கோயம்புத்தூரின் ஆட்சிக்குட்பட்டே இருந்தது. ஆகவே இது நம் மாவட்டத்தின் வரலாறுமாகும். கோயம்புத்தூர் ஆட்சியர் சான் சல்லிவன் 1819இல் மலையேறினார். சில ஆண்டுகளில் உதகையில் வீடு கட்டிக்கொண்டு ஐரோப்பியக் காய்கனிகளைப் பயிரிட்டார். குடியேறியோரின் அடுப்புக்குச் சோலைமரங்கள் போதாமற்போயின. ஆசுதிரேலியத் தைலமரம் 1843இல் மலைக்கு வந்தது. சீகை மரமும் அவ்வாறே. 1848இல் கியூவில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் உதகைக்கு வந்து, இன்றைய அரசுத் தாவரவியல் தோட்டத்தை உருவாக்கினார். பனை மாளிகை கட்டி முடிந்த ஆண்டும் அதுவே. அத்தோட்டத்தின் மேல்கோடியில் தோடர் மந்து ஒன்று இன்றும் உண்டு. தோட்டத்திற்கு முன்பே அங்கிருந்தவர்கள் அவர்கள்.

1860இல் வந்தது சின்கோனா. அதன் பட்டையிலிருந்து கிடைக்கும் கொயினாவே அந்நாளில் முறைக்காய்ச்சலுக்கு ஒரே மருந்து. தென்னமெரிக்க நாடுகள் தம் மலைகளின் செல்வமாகக் காத்துவந்த அம்மரத்தைக் கொணர்வதற்குக் கிளெமென்ட்சு மார்க்கம் தலைமையில் ஆள்கள் அனுப்பப்பட்டனர். கியூவில் இச்செடிகளுக்கென்றே தனி வெப்ப இல்லம் அமைக்கப்பட்டது. பெருவிலிருந்து மார்க்கம் கொணர்ந்தவை உதகையை அடைந்தும் பிழைக்கவில்லை. ரிச்சர்டு சுபுரூசு ஈக்குவடாரில் திரட்டிய செம்பட்டை வகையே, கியூ தோட்டக்காரர் ஒருவரின் பாதுகாப்பில் வார்டு பெட்டிகளில் பயணம் செய்து, 1861இல் உதகை வந்து மெக்ஐவரின் கையில் தழைத்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் காடு திருத்திப் பாதை வெட்ட, மலாயாக் கடற்கரைக் குடியேற்றங்களிலிருந்து தண்டனை பெற்று இங்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் பயன்படுத்தப்பட்டனர். அவர்களை அடைத்து வைத்த சிறை இன்றும் அங்கே நிற்கிறது.

மிகச் சிறந்த சின்கோனா விதையைக் கண்டறிந்தவர் மானுவேல் இங்கரா மமானி என்னும் பொலிவியப் பழங்குடியினர். அவர் 1865இல் திரட்டித் தந்த விதைகளைச் சார்லசு லெட்சர் என்னும் வணிகர் ஆங்கில அரசுக்கு விற்க முயன்றார். அவ்வரசு வேண்டாமென்றது, ஒல்லாந்தர் வாங்கினர், சாவகத்தீவு கொயினா உலகின் தலைமை பெற்றது. மரத்திற்கு அறிவியற்பெயர் வைத்தபோது அதில் இடம்பெற்றது வணிகர் பெயர். விதை பொறுக்கிய மமானியோ தன் நாட்டில் சிறைப்பட்டு, அடிபட்டு இறந்தார்.

இவ்வரலாற்றை ஒருபக்கச் சார்பாகச் சொல்வது முறையாகாது. மலையடிவாரச் சிற்றூர்களில் முறைக்காய்ச்சல் ஊர் ஊராகக் கொண்டுபோன காலத்தில் கொயினா உயிர் காத்தது. வங்காளத்தில் அஞ்சல் நிலையங்களிலேயே சிறு பொட்டலங்களாக அது விற்கப்பட்டது. நம் பாட்டன்மாருள் சிலர் பிழைத்து நம்மைப் பெற்றதற்கும் அக்கசப்புத்தூள் காரணமாயிருந்திருக்கலாம். ஆயினும் நன்மை விளைந்தது என்பதற்காக விலை கொடுத்தவர் யாரென்று கேளாமல் இருக்க முடியாது.

செடிக்குப் பெட்டி, மனிதர்க்கு நடை

கியூவின் கிளை போன்று இயங்கிய தோட்டங்கள் இலங்கையிலும் இருந்தன. பேராதனைத் தோட்டம் 1821இலும், சின்கோனாவுக்கென்றே அக்கலைத் தோட்டம் 1861இலும் தொடங்கின. அத்தீவின் மலைகளில் முதலில் காப்பி. 1869இல் இலைத்துரு நோய் கண்டு காப்பி அழியத் தொடங்கியதும் தேயிலை. இரண்டுக்கும் உழைத்தவர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். தொடக்க காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாய் நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். உப்புக்காற்றுப் படாமல், ஈரம் குன்றாமல், வெயிலில் வாடாமல் செடியைக் காக்கக் கண்ணாடிப் பெட்டி கண்டுபிடித்த அதே நூற்றாண்டு, மனிதரைத் திறந்த வெளியில் நடத்திச் சென்றது.

பிறகு 1964இல் சிறிமாவோ – சாத்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் பிறந்தவர்கள், பார்த்திராத ஊருக்குத் 'திரும்பி' வந்தனர். அவர்களுக்கு வேலையளிக்கும் நோக்கில் 1968இல் தமிழ்நாட்டரசின் தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியில் தொடங்கியது. பெட்டியில் வந்த தேயிலையும் கப்பலில் வந்த மனிதரும் மீண்டும் ஒரே சரிவில் சந்தித்தனர்.

இவற்றையெல்லாம் எண்ணியபடி, பிற்பகலில் குளிர் தாளாமல் மறுபடியும் பனை மாளிகைக்குள் நுழைந்தேன். பலாமரத்துக்கு அருகிலிருந்த இருக்கையில் கம்பளிமேலாடையின்மேல் சேலைத்தலைப்பை இழுத்துவிட்டபடி ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் இந்தியாவோ, பிள்ளை?" என்றார்.

"ஆமாங்கம்மா, கோயம்புத்தூர்" என்றேன். தாம் யாழ்ப்பாணம் என்றார்.

"இஞ்சை வந்து முப்பத்தைஞ்சு வருசமாச்சுது. மாசத்திலை ஒருக்கால் இதுக்குள்ளை வந்து இருந்திட்டுப் போவன். வேறை ஒண்டுக்கும் இல்லை, பிள்ளை. மழை பெய்ஞ்ச மண்ணின்ரை மணம் இஞ்சைதான் வரும்."

சற்றுநேரம் இருவரும் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "உங்கடை தோட்டத்திலை பலா நிக்குதோ?" என்று கேட்டார். இருந்ததென்றும் வீடு கட்டும்போது வெட்டிவிட்டோமென்றும் சொல்ல எனக்கு நாணமாயிருந்தது, சொன்னேன். அவர் தலையசைத்துக்கொண்டார். மூடும் நேரம் அறிவிக்கப்பட்டதும் எழுந்து, வெளியே செல்லுமுன் மேலாடையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். பேரப்பிள்ளைக்குப் பள்ளி விடும் நேரமாயிற்று என்றார். கதவுக்கு வெளியே பனி. அவர் அதில் பழகியவராய் விரைந்து நடந்துபோனார், தடுமாறியது நான்தான்.

தொல்காப்பியர் விட்டுவைத்த இடம்

அன்றிரவு அறைக்குத் திரும்பியதும் அகத்திணையியலை மறுபடி எடுத்தேன். நிலமும் நிலமும் மயங்கா என்ற தொல்காப்பியரே, கருப்பொருளைப் பற்றி வேறொன்றும் சொல்லியிருக்கிறார். ஒரு நிலத்துக்குரிய பூவோ பறவையோ தன் நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறிடத்தில் வந்தாலும், வந்து சேர்ந்த அந்நிலத்தின் பயனாகவே அது கொள்ளப்படும் என்பது அந்நூற்பாவின் கருத்து. பல ஆண்டுகள் வகுப்பில் இதனை விளக்கியிருக்கிறேன். செய்யுளில் நேரும் வழுவை அமைத்துக்கொள்ளும் விதியாக மட்டுமே விளக்கியிருக்கிறேன். வந்தாரை ஏற்கும் அறமும் இதனுள் இருப்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

வந்ததை ஏற்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று, கொங்குநாட்டுக்கும் புதிதன்று. தகடூர் அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் போற்றுகிறார். நம் கவிதையில் கரும்பே ஒருகாலத்தில் விருந்தாளிதான். அக்கரும்பு பூத்து விதை பிடிக்கும் சூழல் கோவையில் வாய்ப்பதால், 1912இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தது. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அயல்நாட்டுத் தடிக்கரும்பை நம் நாணல் இனக் காட்டுக்கரும்போடு கலந்து, 1918இல் 'கோ 205' வகையை வெளியிட்டனர். கோவையின் பெயர் தாங்கிய கரும்புகள் பின்னர் உலகின் பல நாடுகளுக்குச் சென்றன. நம் சமையலறையின் மிளகாய், தோட்டத்து நிலக்கடலை, சேலத்து மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் ஆலைகளுக்குப் புகழ் சேர்த்த பருத்திக்குக் கம்போடியா என்று பெயர். இவை தொட்டியில் நிற்கவில்லை, மண்ணில் இறங்கின, ஆகவே நம்மவை ஆயின.

அந்நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றிய ஜானகி அம்மாளை இங்கு நினையாதிருக்க இயலாது. தலைச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்று, கோவையில் கரும்பைப் பிற புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்தவர். 1939இல் மரபியல் மாநாட்டுக்காகப் பிரித்தானியா சென்றார், போர் மூண்டது, அங்கேயே தங்கினார். இலண்டனில் குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, மறுநாள் அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்தெடுத்துவிட்டு ஆய்வைத் தொடர்ந்ததாகப் பின்னாளில் உறவினரிடம் சொல்வாராம். 1945இல் டார்லிங்டனோடு இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். விசுலித் தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களுள் ஒரு வகைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1951இல் நாடு திரும்பினார். கண்ணாடி உடைந்தாலும் வேர் உடையாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

ஆனால் மாணவியின் வினா இன்னும் முடியவில்லை. தேயிலை வந்த நிலத்தின் பயன் என்று சொல்லிவிட்டால், கருப்பொருள் அமைந்துவிடும். உரிப்பொருள்? குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்ச்சி. தேயிலைச் சரிவில் தலைமுறைகளாய் நிகழ்ந்தது அதுவா? இங்கே இளங்கோவடிகள் துணைக்கு வருகிறார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயருறுத்தும் நிலையே பாலை என்பது அவர் தரும் விளக்கம். பாலைக்கு உரியது பிரிவு. சோலை அழிந்து, புல்வெளி மறைந்து, ஒரே செடி வரிசை வரிசையாய் நிற்கும் மலை திரிந்த குறிஞ்சியன்றி வேறென்ன? பார்வைக்குப் பசுமை, பொருளுக்குப் பாலை. ஊரைப் பிரிந்து தீவுக்கும், தீவைப் பிரிந்து மலைக்கும் வந்தவர்களின் பிரிவே அதன் உரிப்பொருள்.

2019 இறுதியில் ஊர் திரும்பியதும் அம்மாணவியைத் துறைக்கு அழைத்து, முதலில் அன்று சிரித்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். பிறகு இவ்விடையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "இதைத் தேர்வில் எழுதலாமா, அம்மா?" என்று கேட்டாள். எழுதலாம் என்றேன், மதிப்பெண் கிடைக்குமென்று உறுதிகூற என்னால் முடியவில்லை. அத்தயக்கம் என்னையே சுட்டது. சங்கப் பாடல்களை ஏற்ற வெப்பமும் ஈரமும் தந்து, பெயர்ப்பலகை மாட்டி, தொட்டியில் காத்து வருகிறோம். அவற்றின் வேரை இன்றைய மண்ணில் இறக்க அஞ்சுகிறோம். தமிழ்த்துறையும் ஒரு கண்ணாடி மாளிகைதானோ என்று அன்று முதல் எனக்கு ஓர் ஐயம் உண்டு.

வால்பாறைக்கு அருகில் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அரசின் சின்கோனாத் தோட்டமாயிருந்த அந்நிலம் பின்னர் தேயிலைக்கு மாறிற்று. மரம் போய்விட்டது, பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அப்பேருந்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆண்டிசு மலையும், வார்டு பெட்டியும், மமானியும், பெயர் தெரியாத கைதிகளும் என் நினைவில் ஏறி இறங்குகின்றனர்.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை வாசிக்கும் நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் கவிதைகளில் மலை வரும்போது தைலமரத்தின் மணமும் தேயிலையின் பச்சையும் தாமே வந்துவிடுகின்றன. வரட்டும், அவை வந்த நிலத்தின் பயனே. ஆனால் அவை எவ்வழி வந்தன, எது அகன்று அவற்றுக்கு இடம் விட்டது, யார் கைகள் அவற்றை நட்டன என்பதை அறிந்து எழுதுவோம். குறிஞ்சி மீண்டும் 2030இல் பூக்கும். அப்போதும் ஒரு பேருந்து நிறைய மாணவியர் மலையேறுவர். அவர்களுள் ஒருத்தி மறுபடியும் கேட்பாள். அவளுக்குத் தருவதற்கு நகைச்சுவையன்றி ஒரு கவிதையேனும் நம்மிடம் இருக்க வேண்டும். அதனை நம் வட்டம் எழுதும் என்ற நம்பிக்கையோடு பத்தாண்டு நிறைவை வாழ்த்துகிறேன்.